மூணு ஷிப்ட் ரேடியோ

கல்யாண மண்டபங்களில் என்னை யாருக்கும் பிடிக்காது. பந்தி நேரத்தில் போனால் உட்காரச் சொல்லி இலை போடுவார்கள். நான் யார் என்று தெரிந்ததும் சாம்பார் வாளி அடுத்த வரிசைக்குப் போய்விடும். என் உத்தியோகம் அப்படி. மண்டபம், ஓட்டல், ஜவுளிக்கடை என்று எங்கெல்லாம் ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறதோ அங்கெல்லாம் போய், அந்தப் பாட்டுக்கு உரிமக் கட்டணம் கட்டுங்கள் என்று சொல்ல வேண்டும். பாட்டுக் கம்பெனிகள் சில சேர்ந்து அந்த வசூலை எங்கள் ஏஜென்சியிடம் ஒப்படைத்திருக்கின்றன. எனக்கு வீடு திருவள்ளூரில். ஆர்.கே.பேட்டை, பெரியபாளையம், கும்மிடிப்பூண்டி எல்லாம் என் பொறுப்பு. பைக் டயர்தான் தேய்கிறது.

"பாடினவரே வந்து கேக்கட்டும், தரேன்" என்பார்கள். இல்லாவிட்டால், "காத்துல வர்றதுக்கு இன்னாத்துக்கு சார் காசு?" என்பார்கள். எனக்கு இந்த வேலையில் வெட்கம் ஒன்றும் கிடையாது. பந்தல்காரருக்குக் கொடுக்கிறார்கள், பூக்காரிக்குக் கொடுக்கிறார்கள், ஜெனரேட்டர்காரருக்கு அட்வான்ஸே கொடுக்கிறார்கள். பாட்டுப் போட்டவனுக்கு என்றால் மட்டும் கை வராது. கேட்கப் போகிற நான் கொள்ளைக்காரன். இந்த ஜனங்களிடம் பேசிப் பேசி எனக்கு வாய் கசந்துபோயிருந்த சமயத்தில்தான் மேனேஜர் கவிப்பிரியா மேடம் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"ஹேமநாத், கும்மிடிப்பூண்டியிலேர்ந்து ஒரு இன்டர்நெட் ரேடியோ ஓடுது. பேரு மூணு ஷிப்ட். நாள் பூரா சினிமா பாட்டு. லைசென்ஸ் கிடையாது. யாருன்னு போய்ப் பாருங்க."

ரேடியோ என்றால் கண்ணாடித் தடுப்பும், ஹெட்போன் மாட்டிய இளவட்டங்களும் இருக்கும் என்று நினைத்துப் போனேன். முகவரி சிப்காட்டுக்குப் பின்பக்கம் ஒரு லைன் வீட்டில் கொண்டு போய் விட்டது. கதவைத் திறந்த பெண் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசுங்க சார். ஊட்டுக்காரரு நைட் ஷிப்ட் முடிச்சிட்டு இப்பத்தான் படுத்தாரு."

அவள்தான் கிரேஸ். அவள்தான் மூணு ஷிப்ட். முன்னறையில் ஒரு பழைய லேப்டாப், எதிரொலி வராமலிருக்கச் சுவரோரம் நிமிர்த்தி வைத்த பஞ்சு மெத்தை, குழந்தையின் காலுறையை மாட்டிய ஒரு மைக். அவ்வளவுதான் நிலையம். கணவன் பாக்கியராஜ் கம்பி உருட்டும் ஆலையில் வேலை பார்க்கிறான். அவன் தூக்கம் கலையக் கூடாது என்று அவள் குரலை அடக்கித்தான் பேசுவாள். அந்த அடங்கின குரல்தான் கேட்பவர்களுக்குப் பிடித்துப் போனது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கொரோனா சமயத்தில் எந்தக் கம்பெனி பஸ் வருகிறது, எந்த கேட்டில் ஆளை உள்ளே விடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி போட ஆரம்பித்தவள், ஒரு பையனிடம் சொல்லி அதை ஆப் ஆக்கிக்கொண்டாள். இப்போது கம்பெனி பஸ்களில் டிரைவர்களே அதைப் போடுகிறார்கள். பழவேற்காடு பக்கம் படகில் போகிறவர்கள் சிக்னல் கிடைக்கிற வரைக்கும் கேட்கிறார்கள். எந்த பஸ் பிரேக்டவுன், எங்கே ஆள் எடுக்கிறார்கள், யாருடைய ஐடி கார்டு ரயிலில் கிடந்தது, எந்த ஆஸ்பத்திரியில் எந்த ரத்தம் வேண்டும், இதெல்லாம் சொல்வாள். நடுநடுவே சினிமாப் பாட்டு. ஒரு மெஸ்ஸும் ஒரு லேடீஸ் ஹாஸ்டலும் விளம்பரம் கொடுக்கின்றன. அதில் நெட் பில் கட்டுகிறாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். எஃப்.எம்.முக்குச் சட்டத்தில் ஒரு கணக்கு உண்டு, இணையத்துக்கு அது பொருந்தாது என்பது எங்கள் கம்பெனிகளின் கட்சி. மண்டபம் என்றால் ஹாலின் அளவுக்கு ஒரு தொகை, எத்தனை பேர் கேட்டாலும் அதே தொகைதான். இணைய ரேடியோவுக்கு எங்கள் ஏஜென்சி வைத்திருக்கும் கணக்கு வேறு. ஒவ்வொரு பாட்டுக்கும், அதைக் கேட்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக மீட்டர் ஓடும்.

கிரேஸ் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ நெறய பேரு கேட்டா நெறய கட்டணும்?"

"ஆமா."

"ஒருத்தரும் கேக்கலன்னா?"

"ஒண்ணும் கட்ட வேணாம்."

"நல்லா கீது சார் உங்க கணக்கு" என்று சத்தம் வராமல் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் கும்மிடிப்பூண்டியை மனதில் வைத்துப் போடவில்லை என்பது எனக்கே தெரியும். அதற்காக நான் அதை மாற்ற முடியுமா? மாசக் கடைசிக்குள் லைசென்ஸ் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டை நிறுத்த வேண்டும், இரண்டும் நடக்கவில்லை என்றால் ஆப்பையே எடுக்கச் சொல்லி எழுதுவார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வாசல் வரைக்கும் வந்தாள். "பேக்கிங் செக்ஷன்ல இருந்தேன் சார், இடுப்பு போற வரைக்கும். லைன்ல பேசக் கூடாது. ஊட்டுக்கு வந்தா அவரு தூங்குவாரு, இல்ல நான் தூங்குவேன். நான் பேசறத ஒருத்தரும் கேட்டதே இல்ல. இப்போ ஒரு நாள் நான் வரலன்னா உடம்புக்கு இன்னான்னு போன் பண்றாங்க. பாட்டு இல்லன்னா சும்மா பேச்சுக்கு யாரு சார் ரேடியோ வப்பாங்க? இத உட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

எல்லா இடத்திலும் இந்த மாதிரி ஏதாவது சொல்வார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஆடி மாதம் பெரியபாளையத்தில் கோயில் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு பைக் நகராமல் நின்றபோது, சரி பார்ப்போம் என்று போனில் அந்த ஆப்பைத் திறந்தேன். சினிமாப் பாட்டு இல்லை. டேப் மேளம் அடிக்கிற சத்தம், அதற்கு மேலே ஒரு ஆண் குரல், இழுத்து இழுத்து யாரையோ கூப்பிட்டது. பின்னால் ஒரு பெண்ணின் அழுகை. நடுவில் யாரோ "டீ எடுத்துக்கினு வா" என்று சொன்னதுகூடக் கேட்டது.

இந்தப் பக்கத்தில் சாவு விழுந்தால் கானா பாட ஆள் கூப்பிடுவது வழக்கம். விடிய விடிய பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, செத்தவர் பெயரை வைத்து, பிள்ளைகள் பெயரை வைத்து, பார்த்த வேலையை வைத்துப் பாடுவார்கள். வீட்டில் யாராவது அதை போனில் பிடித்து வைத்திருப்பார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து பழவேற்காடு வரைக்கும் பெரிய கை சாம்சன். பகலில் ஒரு பழைய இரும்பு யார்டில் லோடு ஏற்றுகிறார், சாவு விழுந்தால் பாடுகிறார். கிரேஸ் ஒரு காலையில் மைக்கில், "உங்க ஊட்டுல சாம்சன் அண்ணன் பாடின பாட்டு இருந்தா அனுப்புங்க, அவங்க நினைவு நாள் அன்னிக்குப் போடறேன்" என்று சொல்லியிருக்கிறாள். வந்து குவிந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டிக்குப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு அவள் முகமே வேறாக இருந்தது.

"முன்ன விட இப்பத்தான் சார் ஜாஸ்தி பேரு கேக்கறாங்க. இதுல எந்த கம்பெனிக்கும் பங்கு இல்ல. செத்தவங்க பாட்டு. அந்தந்த ஊட்டுக்குச் சொந்தம். அவங்களே குடுத்தது."

நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் தப்பித்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சினிமாப் பாட்டு இல்லை என்று ஆபீசுக்கு எழுதிவிடலாம், ஒரு வேலை ஒழிந்தது என்றுதான் அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

அந்த அறையில் கால் நீட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலி மீன் கூடை. கன்னியம்மா என்று பெயர். பழவேற்காடு பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து நண்டும் இறாலும் கொண்டுவந்து கும்மிடிப்பூண்டியில் விற்பவள். வியாபாரம் முடிந்ததும் பஸ்ஸுக்கு முன்னால் இங்கே வந்து கொஞ்ச நேரம் உட்காருவாளாம்.

"நீங்கதான் பாட்டுக்கு வரி போடறவரா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

"எங்க ஊட்டுக்காரரு பாட்டு இதுல கீது சார். குப்புராஜுன்னு பேரு. காட்டுப்பள்ளில கப்பலுக்கு பெயிண்ட் அடிச்சாரு. மஞ்சக் காமால. ரெண்டு வருசம் ஆவப் போவுது. நான் புடிச்சி வச்சிருந்த போனு தண்ணில பூடுச்சி. நல்லவேள அதுக்கு முன்ன கிரேஸாண்ட அனுப்பி இருந்தேன். சாம்சன் அண்ணன் அவர நெனச்சி அவருக்குன்னே கட்டுன பாட்டு அது. வேற யாருக்கும் பாட மாட்டாரு."

அது எனக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் கவிப்பிரியா மேடம் மறுபடி கூப்பிட்டார். புதிதாக எங்கள் ஏஜென்சியில் சேர்ந்த ஒரு ஆல்பம் கம்பெனி, இணையத்தில் ஓடுகிற பாட்டையெல்லாம் ஒரு மென்பொருளை வைத்துச் சலித்திருக்கிறது. மூணு ஷிப்ட்டில் ஓடுகிற பாட்டுகளில் பெரும்பாலானவை தங்களுடைய ஒரே பாட்டு என்று அது சொல்கிறதாம். சாம்சன் என்கிற பாடகரிடமிருந்து அந்தப் பாட்டை எழுதி வாங்கியிருக்கிறார்களாம்.

"வேற வேற ஆள் பேர்ல வருது, ஆனா மெட்டும் வரியும் ஒண்ணுன்னு மெஷின் சொல்லுது. மெஷின நம்பி நோட்டீஸ் அனுப்ப முடியாது. நீங்க போய் காதால கேட்டு, ஒரே பாட்டா வேற வேற பாட்டான்னு சாயங்காலத்துக்குள்ள எழுதி அனுப்புங்க. ஒரே பாட்டுன்னா எல்லாத்தையும் எடுத்தாகணும்."

நான் போய்ச் சேர்ந்தது உச்சி வேளையில். அந்த வாரம் பாக்கியராஜுக்குப் பகல் ஷிப்ட், அதனால் கிரேஸ் சத்தமாகவே பேசினாள். கன்னியம்மா வந்திருந்தாள். அன்று குளித்து, நல்ல புடவை கட்டி, கூடை இல்லாமல் வந்திருந்தாள். அன்றைக்குத்தான் குப்புராஜின் நினைவு நாள். ரெண்டு மணி ஷிப்ட் மாறும்போது அவர் பாட்டைப் போடுவேன் என்று கிரேஸ் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் கிரேஸைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஹெட்போனைக் கொடு, நான் மட்டும் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்கு சார் ரகசியமா கேக்கணும்? ஸ்பீக்கர்லயே போடறேன். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊட்டு பாட்டு. நீங்களே கேளுங்க, அக்காவும் கேக்கட்டும்."

நான் தடுத்திருக்கலாம். ஆனால் அவள் சொன்னதை நானும் பாதி நம்பினேன். நினைவு நாள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதி. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் நாள் கணக்கில் இடைவெளி. அடுத்தடுத்துப் போட்டு அவளே கேட்டது கிடையாது.

முதலில் குப்புராஜ் பாட்டு.

வாரி வாரிக் குடுத்த கையி
வாசலிலே கெடக்குதையா
அலைக்கு அஞ்சா சிங்கக்குட்டி எங்க
குப்புராஜு தூங்குதையா

கன்னியம்மா கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். முழுப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம்.

அடுத்தது ராபின் என்பவரின் பாட்டு. பவுண்டரியில் வேலை பார்த்தவராம். டேப் அதே அடி அடித்தது. வாரி வாரிக் குடுத்த கையி வாசலிலே கெடக்குதையா. மெஷினுக்கு அஞ்சா சிங்கக்குட்டி எங்க ராபினு தூங்குதையா. கன்னியம்மா கண்ணைத் திறந்தாள். கிரேஸ் அவசரமாக மூன்றாவதைப் போட்டாள். அது கோவிந்தம்மா என்கிற ஒரு கிழவி, வயலில் கூலி வேலை செய்தவள். வெயிலுக்கு அஞ்சா சிங்கக்குட்டி எங்க கோவிந்தம்மா தூங்குதையா.

நாலாவதைப் போடவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஒரு மென்பொருள் சொன்னதைச் சரிபார்க்க வந்து, ஒரு பெண்ணிடமிருந்த ஒன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

கன்னியம்மா, "சாம்சன் அண்ணன கூப்புடு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சாம்சன் யார்டிலிருந்து அப்படியே வந்தார். காக்கிச் சட்டை முழுக்கத் துரு. விஷயத்தைக் கேட்டதும் சுவரோரம் குந்திக்கொண்டார். ஆமாம், ஸ்டூடியோவில் கூப்பிட்டார்கள், பாடினேன், கையெழுத்துப் போட்டேன் என்றார். "செத்தவன் பேரு இன்னான்னு கேட்டேன். பேரு வேணா, சும்மா அண்ணன்னு பாடுன்னாங்க. பேரே இல்லாத சாவுக்கு அன்னிக்குத்தான் மொத மொத பாடுனேன்."

கிரேஸ் அவர் எதிரில் உட்கார்ந்தாள். "அண்ணா, நீ ஒரு வார்த்த சொன்னா போதும். ஊடு ஊடுக்குத் தனியா கட்டுன பாட்டு, ஸ்டூடியோல பாடுனது வேறன்னு சொல்லு. சார் எழுதிக்குவாரு. என் ரேடியோ பொழச்சிக்கும்."

சாம்சன் என்னைப் பார்த்தார். "எழுதிக்குங்க சார். கையெழுத்து வேணும்னாலும் போடறேன். அந்தக் கம்பெனிக்காரன் என்ன பேஜாரு பண்ணுவான், பண்ணிக்கினு போறான்."

நான் பேனாவை எடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பிவிடும் எண்ணத்தில்தான் இருந்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒருத்தருக்கும் நஷ்டம் வரப் போவதில்லை என்றும் தெரியும்.

"ஏன் அண்ணா எல்லாருக்கும் ஒண்ணே பாடுன?" என்றாள் கன்னியம்மா. "எம் புருசனும் அந்தக் கெழவியும் ஒண்ணா?"

சாம்சன் தலை நிமிர்ந்தார். குரலில் வருத்தத்தைவிட ரோஷம்தான் இருந்தது.

"நானா பாடறேன்? சாவு ஊட்டுக்குப் போனதும் மொதல்ல இன்னா கேப்பேன்? ஆளு எப்டிப்பட்டவரு, சொல்லுங்கன்னு கேப்பேன். கேட்டா எல்லாரும் ஒண்ணத்தான் சொல்றீங்க. நல்ல மனுசன், இல்லன்னு வந்தவங்களுக்கு வாரிக் குடுப்பாரு, எதுக்கும் பயப்பட மாட்டாரு. ஒரு ஊட்டுல கூட வேற மாரி சொன்னதில்ல. வேற சொல்லி இருந்தா வேற பாடி இருப்பேன். உன்னாண்டயும் அன்னிக்குக் கேட்டேனே, நீ இன்னா சொன்ன?"

கன்னியம்மா, "வாரிக் குடுத்தாருன்னு சொன்னேன்" என்றாள்.

"குடுத்தாரா?"

"எங்க குடுத்தாரு. சைக்கிளுக்கு காத்தடிக்கிற பம்ப கூட பக்கத்து ஊட்டுக்குத் தர மாட்டாரு."

சாம்சன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கன்னியம்மா என் பக்கம் திரும்பி, "சார், ஒண்ணுதான்னு எழுதுங்க" என்றாள்.

"அக்கா!" கிரேஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்டி எழுதினா எல்லாத்தையும் எடுத்துடணும். என்னாண்ட சினிமா பாட்டும் இல்ல, இதுவும் இல்ல. இன்னியோட ரேடியோ முடிஞ்சிது. கொஞ்சம் யோசிச்சிச் சொல்லு."

"யோசிச்சிட்டேன். இத்தினி நாளும் எவன் பாட்டையோ அவருதுன்னு நெனச்சி அழுதுக்கினு கெடந்தேன். இன்னொருக்கா கேக்க மாட்டேன். நாளைக்கி ராபின் பொண்டாட்டியும் கேட்டுக்கினு அழுவா. எதுக்கு? எடுத்துடு."

கிரேஸ் கையை விட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் எதிர்த்துப் பேசவில்லை. நான் போனில் ஒரே பாட்டு என்று அடித்து மேடத்துக்கு அனுப்பினேன். என் வேலை முடிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். ஏனோ போகவில்லை.

கிரேஸ் ஒவ்வொரு பாட்டாக அழித்தாள். சாம்சன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழித்து முடித்தபோது ரெண்டு மணி ஆக இருந்தது. வெளியே அடுத்த ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றி வருகிற பஸ்களின் ஹாரன் கேட்டது. குப்புராஜ் பாட்டைக் கேட்க எத்தனையோ பேர் வந்து காத்திருக்கிறார்கள் என்பது லேப்டாப் திரையிலேயே தெரிந்தது.

"இன்னாக்கா சொல்றது இவங்களாண்ட?" என்றாள் கிரேஸ்.

"நான் பேசறேன்" என்று கன்னியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். கிரேஸ் எங்களைப் பார்த்தாள். வேறு வழி இல்லாததால் பட்டனை அழுத்தினாள்.

"நான் கன்னியம்மா. குப்புராஜு சம்சாரம்" என்று அவள் ஆரம்பித்தாள். மீன் விற்கிற குரல், மைக் அதிர்ந்தது. கிரேஸ் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"இன்னிக்கு அவரு பாட்டு வராது. அந்தப் பாட்டுல வந்த ஆளு அவரு இல்ல. அவரு யாருக்கும் ஒண்ணும் குடுத்ததில்ல. அலைக்கு அஞ்சாதவருன்னு நாந்தான் அன்னிக்குச் சொன்னேன், அவங்க அண்ணன் தம்பி எல்லாம் சுத்தி நின்னுக்கினு இருந்தாங்கன்னு. அவருக்குக் கடல்னா பயம். சின்ன வயசுல படகு கவுந்து அவங்கப்பன் தோள புடிச்சிக்கினு கெடந்தாராம். அதுலேர்ந்து பயம். படகு ஏற மாட்டாரு. கரை நண்டு, கரை நண்டுன்னு குப்பமே கூப்புடும். கூடப் பொறந்தவங்களும் கூப்புடுவாங்க. கல்யாணத்தன்னிக்குப் பந்தியில கூட அப்டித்தான் கூப்ட்டாங்க. சோத்துல கைய வச்சிக்கினு அப்டியே உக்காந்திருந்தாரு."

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"காட்டுப்பள்ளில வேல கெடச்சப்போ அவருக்கு அவ்ளோ சந்தோசம். அங்க கப்பல தூக்கி, தரை மேல நிக்க வச்சிருப்பாங்களாம். தண்ணி இல்லாத கப்பல். இந்த மாரி கப்பல்தான் கன்னிமா எனக்கு லாயக்குன்னு சொல்லுவாரு. நான் ஏரில எறங்கி மட்டி பொறுக்குவேன். மொழங்காலு தண்ணிதான். அவரு கரையில நின்னுக்கினு, கன்னிமா வந்துடு, கன்னிமா போதும் வந்துடுன்னு கத்திக்கினே கெடப்பாரு. மத்த பொம்பளைங்க சிரிப்பாங்க. எனக்குக் கோவமா வரும். போயேன்யா ஊட்டுக்குன்னு திட்டுவேன். போவ மாட்டாரு. இப்போ இடுப்பு வரைக்கும் எறங்கிப் போறேன். வந்துடுன்னு சொல்ல ஆளு இல்ல. அவ்ளோதான் அவரு."

பேச்சு முடிந்துவிட்டது. கிரேஸ் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். அடுத்துப் போடுவதற்கு ஒன்றும் இல்லை. நான் திரையைப் பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் போகவில்லை. எதற்காக இருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சாம்சன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அப்போது நிலையத்து போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு கிரேஸ் கன்னியம்மாவிடம், "உங்க ஊட்டுக்காரரு அண்ணன். லோகு" என்றாள் மெதுவாக.

கன்னியம்மா முகம் வெளுத்துவிட்டது. செத்துப் போனவரின் மானத்தை ஊரெல்லாம் கேட்க வாங்கிவிட்டாள் என்று அவர் கத்தத்தான் போகிறார் என்று நானும் நினைத்தேன். எடுக்காதே என்று கிரேஸுக்குக் கை காட்டினேன். அவள் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டாள். பழக்க தோஷம்.

படகு இன்ஜின் சத்தம் வந்தது. அதற்கு மேலே கத்திப் பேசுகிற ஒரு வயதான ஆளின் குரல்.

"கன்னிமா, நான்தான். வலையாண்ட கீறேன். நீ பேசுனத கேட்டேன். எனக்கும் பயம்தாம்மா. இன்னி வரைக்கும். மொகத்துவாரம் தாண்டும்போதெல்லாம் பலகைய இறுக்கிப் புடிச்சிக்குவேன். அவன் பயம்னு வெளிய சொன்னான். நான் சொல்லல. அவ்ளோதான்."

கன்னியம்மா கிரேஸ் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டாள். மைக் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்புறம் இன்னாத்துக்கு மாமா எல்லாரோட சேந்து அவர பாத்து சிரிச்சீங்க?"

கிரேஸின் விரல் நிறுத்துகிற பட்டன் மேலே இருந்தது. அவள் அழுத்தவில்லை. அந்தப் பக்கம் இன்ஜினை நிறுத்தினார்கள். பிறகு படகுப் பலகையில் தண்ணீர் வந்து வந்து மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் லைனில்தான் இருந்தார்.